எம்.எட். படிக்கட்டும், ஆனால் இந்த வருஷம் வேண்டாம்

தங்கச்சிமடத்திலிருந்து எழுதியிருக்கும் அக்காவுக்கு,

மகள் பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்துவிட்டு ராமேஸ்வரத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறாள், அடுத்து கல்வியியலில் முதுகலைப் படிப்பான எம்.எட். சேர வேண்டும் என்று நிற்கிறாள். நகையை வைத்துத்தான் பணம் கட்ட வேண்டும், கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வருஷம் கட்டாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகு இறங்குகிற ஜூனில்தான் எல்லாக் கல்லூரியும் ஃபீஸ் கேட்கும். கை வறண்டு கிடக்கிற அந்த நேரத்தில் அவசரப்பட்டு எடுக்கிற முடிவு பிறகு வட்டியாக நிற்கும்.

எம்.எட். முடித்தால் அரசுப் பள்ளியில் வேலை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது சரியில்லை. பட்டதாரி ஆசிரியர் பணிக்குப் பட்டமும் பி.எட்.டும் போக டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் தேற வேண்டும், அதற்கு மேல் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் (டி.ஆர்.பி.) போட்டித் தேர்வும் உண்டு. முதுகலை ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும். இரண்டுக்குமே எம்.எட். தேவையில்லை. எம்.எட். முடித்தால் இன்க்ரிமென்ட் என்று ஸ்டாஃப் ரூமில் பேசிக்கொள்வதும் பழைய கதை. கூடுதல் படிப்புக்கான அந்த முன் ஊதிய உயர்வை அரசு 2020 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. பணியில் இருக்கிற ஆசிரியர்களுக்கும் டெட் வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு, பல வருஷம் பாடம் நடத்தியவர்களே டெட் கைடைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளுக்கும் முதல் வேலை அதுதான். ஒருமுறை தேறிவிட்டால் அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

அப்படியானால் எம்.எட். யாருக்கு? ஆசிரியர்களை உருவாக்கப் போகிறவர்களுக்கு. பி.எட். கல்லூரியில் கணிதம் கற்பித்தல் நடத்த, பாடத்தில் முதுகலையும் எம்.எட்.டும் வேண்டும், இரண்டிலும் 55 சதவீதம் இருக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு மஞ்சூரில் இருக்கிற ஆசிரியர் பயிற்சி நிறுவனம் போன்ற இடங்களில் விரிவுரையாளர் ஆவதற்கும் இந்த ஜோடிதான். எம்.எஸ்சி. இல்லாமல் எம்.எட். மட்டும் கையில் இருந்தால் அங்கேயும் இங்கேயும் அரைகுறையாக நிற்க வேண்டிவரும்.

இவ்வளவு சொன்ன பிறகும் அவள் ஆசையை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. காரணம், உங்கள் கடிதத்தில் நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிற ஒரு விஷயம். ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து, பாடப்புத்தகத்து விகிதக் கணக்கையெல்லாம் அடித்துவிட்டு, டீசல், ஐஸ் செலவு போக மிச்சத்தைப் படகுக்கும் ஆளுக்கும் பங்கு பிரிக்கிற கணக்காக மாற்றி எழுதுகிறாளாமே. பையனுக்கு அரைப் பங்கு என்றால் மொத்தம் எத்தனை பங்கு? இதை அந்தப் பிள்ளைகள் பேனா எடுக்காமலே சொல்வார்கள். அதையே 3:5 என்று கரும்பலகையில் எழுதினால் முழிப்பார்கள். இந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதுதான் கலைத்திட்டம் (கரிகுலம்) என்கிற துறையின் மையம். அமெரிக்காவில் ரால்ஃப் டைலர் என்கிற கல்வியாளர் 1949-லேயே இதை நான்கு கேள்விகளாக வைத்தார்: பிள்ளை எதை அடைய வேண்டும், அதற்கு என்ன அனுபவம் தர வேண்டும், அதை எந்த வரிசையில் கோர்ப்பது, அடைந்தார்களா என்று எப்படி அறிவது. உங்கள் மகள் முதல் இரண்டையும் தானாகவே செய்துகொண்டிருக்கிறாள். பின்னிரண்டுக்கும் முறையான படிப்பு உதவும். நிஜமாகவே உதவும்.

அதனால் வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் டெட். கூடவே, வேலையை விடாமல், யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள தொலைநிலைப் படிப்பில் எம்.எஸ்சி. கணிதம். அதன் பிறகு எம்.எட். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. தினமும் போய்வரும் தூரமில்லை, விடுதிச் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வேலையை விடவே முடியாது என்றால் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) எம்.ஏ. கல்வியியல் இருக்கிறது. குறைந்தது 2 வருஷம், நிதானமாகப் படித்தால் 4 வருஷம் வரை போகலாம். இது எம்.எட்.டுக்குச் சமம் ஆகாது. ஆனால் பி.எட். கல்லூரியில் கல்வியியல் அடிப்படைப் பாடங்களை நடத்த எம்.ஏ. கல்வியியலும் பி.எட்.டும் 55 சதவீதத்தோடு இருந்தால் தேசிய ஆசிரியர் கல்விக் குழுவின் (என்.சி.டி.இ.) 2014 விதி ஏற்கிறது. பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் இருக்கும், அதற்கு அவள் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

"கல்லூரிக்கு வரவே வேண்டாம், அட்டெண்டன்ஸை நாங்க பார்த்துக்கறோம்" என்று சொல்கிற ஆள் வீடு தேடி வருவார். அதே என்.சி.டி.இ. விதியில் எம்.எட்.டுக்கு வருஷத்துக்கு 200 வேலை நாட்கள், வகுப்பில் 80 சதவீத வருகை, களப்பணியில் 90. வகுப்புக்கே போகாமல் வாங்குகிற எம்.எட்.டுக்கு நகையை வைப்பது வீண்செலவு, அவள் கற்க நினைப்பதும் அதில் கிடைக்காது. எம்.எட்.டை ஓராண்டாக்குவது பற்றி 2025-இல் வரைவு விதியும் வந்திருப்பதால், சேருகிற வருஷம் நடப்பில் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டே பணம் கட்டுங்கள்.

அமெரிக்காவில் இதே படிப்பை முடித்தால் அங்கேயே டீச்சர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதையும் எழுதியிருந்தீர்கள். அங்கே அரசுப் பள்ளியில் பாடம் நடத்த ஒவ்வொரு மாநிலமும் தனியாக உரிமம் தருகிறது. இந்தப் பட்டம் மட்டும் அந்த உரிமம் ஆகிவிடாது.

அவளுடைய பி.எஸ்சி., பி.எட். மார்க் ஷீட்டுகளில் சதவீதம் எவ்வளவு என்று பார்த்து அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பி.எட்.டில் 55-க்குக் கீழே இருந்தால் நான் சொன்ன இக்னோ வழி அடைபட்டுவிடும், அப்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டும்.