100 ரூபா காயினை ஸ்லாப்ல போடலாமா? உங்க கேள்விகளும் என் பதில்களும்

கொஞ்ச நாளா வர்ற கேள்வியெல்லாம் கிரேடிங் பத்தியேதான். கிரேடிங்னா ஒரு கம்பெனி காயினோட நிலைமைய பாத்து 70க்கு இவ்வளவுன்னு நம்பர் போடுறது, ஸ்லாப்னா அந்த நம்பரோட காயினை உள்ள வச்சு மூடித் தர்ற பிளாஸ்டிக் டப்பா. பழைய காசு வச்சிருக்கவங்க கேட்டா பரவாயில்ல, போன வருஷம் மிண்ட்ல, அதாவது காசு அடிக்கிற அரசாங்க ஆலையில, புக் பண்ணி வாங்கின காயினுக்கு கேக்குறாங்க. ஒண்ணொண்ணா பாத்துடுவோம்.

கலைஞர் நூற்றாண்டு 100 ரூபா காயின் ஒண்ணு இருக்கு சார். என்ஜிசிங்குற அமெரிக்க கிரேடிங் கம்பெனிக்கு அனுப்பி ஸ்லாப் பண்ணி வச்சா பின்னாடி நல்ல விலை போகுமா?

அந்த காயின் 35 கிராம், அதுல பாதிதான் வெள்ளி, 40 சதவீதம் செம்பு, மிச்சம் நிக்கலும் துத்தநாகமும். ஆக உள்ள இருக்குறது பதினேழரை கிராம் வெள்ளி, அதுக்கு மேல நீங்க குடுத்த காசெல்லாம் அந்த முகத்துக்கும் "தமிழ் வெல்லும்"ங்குற எழுத்துக்கும்தான். கிரேடிங் கம்பெனிக்காரன் அதுக்கு மேல என்ன தர்றான்னா, இது ஒரிஜினல், இதோட நிலைமை 70க்கு இவ்வளவு, அவ்வளவுதான். விலைய அவன் சொல்றதில்ல.

இப்ப கணக்கு போடுங்க. கிரேடிங் ஃபீஸ், அனுப்புற செலவு, திரும்பி வர்ற செலவு, இன்சூரன்ஸ், நடுவுல இருக்குற டீலர் கமிஷன் எல்லாம் சேத்தா ஒரு காயினுக்கு சில ஆயிரம் போயிடும். அது போக, 70ன்னா அஞ்சு மடங்கு பெருசாக்கி பாத்தாலும் ஒரு குறை கண்ணுல படக்கூடாது, நம்ம மிண்ட் பேக்கிங்ல வர்ற காயினுக்கு அது லேசுல கிடைக்குற நம்பர் இல்ல. நம்பலைன்னா வீட்டுலயே பாருங்க, ரூம் லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஒரே ஒரு டேபிள் லேம்ப் போட்டு, காயினை விளிம்புல மட்டும் புடிச்சு மெதுவா சாய்ச்சு திருப்புங்க, கன்னத்துலயும் நெத்தியிலயும் சின்னச் சின்ன கோடு, புள்ளி தெரியும், கண்ணாடி மாதிரி இருக்குற வெறும் இடத்துல முடி மாதிரி கீறல் ஓடும். இதெல்லாம் மிண்ட்டுலயே வந்ததா இருக்கும், உங்க தப்பு இல்ல, ஆனா கிரேடர் குறைக்கத்தான் செய்வாரு.

இன்னொண்ணு, இந்த காயினை வாங்குறவர் யாருன்னு யோசிங்க. பெரும்பாலும் அபிமானத்துல வாங்குறவர், அவருக்கு மிண்ட் பாக்ஸும் உள்ள இருக்குற கார்டும் அப்படியே வேணும். நீங்க அதைப் பிரிச்சு காயினை மட்டும் பிளாஸ்டிக் டப்பாவுல போட்டு குடுத்தா "பாக்ஸ் எங்க?"ன்னுதான் முதல்ல கேப்பாரு. அதனால என் பதில், வேணாம். எம்ஜிஆர் 100 ரூபாய்க்கும் இதே பதில்தான்.

தஞ்சை பெரிய கோயில் 1000 ரூபா வெள்ளி காயின் கருத்துப் போச்சு. சுத்தம் பண்ணிட்டு அனுப்பலாமா?

தயவுசெஞ்சு தொடாதீங்க. புளி, விபூதி, பல்பொடி, டூத்பேஸ்ட்டுன்னு நம்ம வீட்டுல குத்துவிளக்குக்கு போடுற அத்தனையையும் காயின் மேல தேய்ச்சவங்கள பாத்திருக்கேன். பளபளன்னு ஆயிடும், சந்தோஷமா இருக்கும், ஆனா லென்ஸ்ல பாத்தா தேய்ச்ச திசையிலயே கோடு கோடா இருக்கும். கிரேடிங்குக்குப் போனா நம்பரே கிடைக்காது, "டீட்டெய்ல்ஸ், கிளீன்ட்"ன்னு, அதாவது சுத்தம் பண்ணின காயின்னு எழுதி அனுப்பிடுவாங்க, ஃபீஸ் மட்டும் முழுசா எடுத்துப்பாங்க.

2010ல வந்த அந்த காயின்ல 80 சதவீதம் வெள்ளி, 20 சதவீதம் செம்பு. செம்பு கலந்த வெள்ளி கருக்கத்தான் செய்யும், காத்துல இருக்குற கந்தகம் போதும். சீரா பரவின கருப்போ, ஓரத்துல நீலம் தங்கம்னு கலர் வந்திருந்தாலோ சில பேரு அதுக்குன்னே கூடக் குடுத்து வாங்குவாங்க. திட்டுத் திட்டா இருந்தா விலை குறையும், ஆனா தேய்ச்ச காயின விட அது எவ்வளவோ மேல்.

வைஷ்ணோ தேவி 5 ரூபா காயின் 10 லட்சம்னு வீடியோ போடுறாங்களே, கிரேடிங் பண்ணா அந்த விலை வருமா?

வராது. கிரேடிங் பண்ணாலும் வராது, பண்ணலைனாலும் வராது. 2012ல புழக்கத்துக்குன்னு அடிச்ச காசு அது. "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கட்டுங்க, ஜிஎஸ்டி கட்டுங்க, அப்புறம் 10 லட்சம் தர்றோம்"னு போன் வந்தா கட் பண்ணிடுங்க. இந்த மாதிரி ஆளுங்க ரிசர்வ் பேங்க் பேரைச் சொல்லியே ஏமாத்துறாங்கன்னு அந்த பேங்க்கே 2021ல அறிவிப்பு விட்டுச்சு.

அப்ப புது காயின்ல எதைத்தான் சார் கிரேடிங் பண்றது?

எர்ரர் காயின். அதுவும் உண்மையான எர்ரர். பாதி டிசைன் வெளிய தள்ளி அடிச்சது, வேற ரூபாய்க்கு வச்சிருந்த தகட்டுல அடிச்சது, இந்த மாதிரி. இங்க கிரேடிங்கோட வேலை நம்பர் குடுக்குறது இல்ல, இது மிண்ட்ல நடந்த தப்பா, இல்ல யாரோ பட்டறையில வச்சு பண்ணின வேலையான்னு சொல்றது. 10 ரூபா காயின்ல நடுவுல இருக்குறத தட்டி எடுத்துட்டு வெறும் வளையத்த "ரேர் எர்ரர்"னு விக்கிறான், வாங்குறவனும் வாங்குறான்! அந்த சந்தேகத்த தீத்து வைக்க சில ஆயிரம் குடுக்கலாம், தப்பில்ல, காயின் அந்த அளவுக்கு விலை போகுறதா இருந்தா.

ஆனா தலைப் பக்கத்துக்கும் பூப் பக்கத்துக்கும் லேசா கோணல் இருக்குன்னு போட்டோ அனுப்பாதீங்க, நம்ம காசுல அது சகஜம்.

சிங்கப்பூர்ல வேலை பாக்குறேன் அண்ணா. அமெரிக்க அரசோட வெள்ளி காயின் அமெரிக்கன் சில்வர் ஈகிள் 70 கிரேடு வாங்குறதா, 69 வாங்குறதா?

வெள்ளிக்காக வாங்குறீங்கன்னா ரெண்டும் வேணாம் தம்பி, கிரேடு பண்ணாததை வாங்குங்க, உள்ள இருக்குறது அதே ஒரு அவுன்ஸ் வெள்ளிதான். புது வருஷத்து ஈகிள்ல 69, 70 ரெண்டுமே குவிஞ்சு கிடக்கு, எந்த கிரேடுல எத்தனை இருக்குன்னு கம்பெனி வெப்சைட்லயே போட்டிருப்பாங்க, வாங்குறதுக்கு முன்னாடி அதைப் பாருங்க. லேபிள்ல "ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்", "எர்லி ரிலீஸ்"னு இருந்தா முதல்ல அடிச்ச காயின்னு நினைச்சுக்காதீங்க, ரிலீஸ் ஆன முதல் 30 நாளைக்குள்ள கம்பெனி கைக்கு வந்துச்சுன்னு மட்டும்தான் அர்த்தம். அதுக்கு எக்ஸ்ட்ரா காசு குடுக்குறது என்னைக் கேட்டா வெட்டி. 70ன்னு வந்த வெள்ளி காயின்லயே பின்னாடி பால் தெளிச்ச மாதிரி வெள்ளைப் புள்ளி கிளம்பும், அப்ப யார்கிட்ட போய் கேப்பீங்க?

ஏற்கனவே ஸ்லாப் போட்டது ஒண்ணு ஆன்லைன்ல சீப்பா வருது. நம்பி வாங்கலாமா?

மொதல்ல எந்த கம்பெனின்னு பாருங்க. 1986ல ஆரம்பிச்ச பிசிஜிஎஸ், அடுத்த வருஷம் வந்த என்ஜிசி, இந்த ரெண்டு பேரோட நம்பரைத்தான் உலகம் பூரா மதிப்பாங்க. தானே டப்பா வாங்கி தானே 70ன்னு லேபிள் அடிக்கிறவங்களும் இருக்காங்க, அதுக்கு காயின் விலைக்கு மேல ஒரு ரூபா கூட குடுக்காதீங்க. பெரிய கம்பெனி ஸ்லாப்பா இருந்தாலும் போலி டப்பா வருது. லேபிள்ல இருக்குற சர்டிபிகேட் நம்பரை அவங்க வெப்சைட்ல போட்டுப் பாருங்க, அங்க போட்டோ இருந்தா உங்க காயின்ல இருக்குற ஒவ்வொரு கீறலையும் புள்ளியையும் அதோட ஒத்துப் பாருங்க. நம்பரையும் காப்பி அடிச்சு ஒட்டுறாங்க, அதனால நம்பர் மட்டும் வந்துட்டா போதும்னு விட்டுடாதீங்க.

தாத்தா வச்சிட்டுப் போன 1901 விக்டோரியா ரூபா. இதையும் அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

இது புது காயின் கேள்வி இல்ல, இருந்தாலும் சொல்லிடுறேன், நீங்களா பார்சல் போட்டு மாட்டிக்காதீங்க. 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருஷத்துக்கு மேல ஆன காசு தொல்பொருள் கணக்குல வந்துடும், அதைத் தனி ஆள் நாட்டை விட்டு வெளிய அனுப்பக்கூடாது. நல்ல டீலர் ஒருத்தர்கிட்ட நேர்ல காட்டுங்க, உண்மையா போலியான்னு அவரே சொல்லிடுவாரு. பிவிசி பிளாஸ்டிக் கவர்ல இருந்தா இன்னைக்கே எடுத்துடுங்க, நாளாக நாளாக பச்சையா பிசுபிசுன்னு காயின்ல ஒட்டிக்கும். பிவிசி இல்லாத மைலார் கவரோ காத்துப் போகாத கேப்சூலோ வாங்கி அதுக்கு மாத்துங்க.