குடல் அழற்சி: மருந்திடம் நமக்கு என்ன வேண்டும்?

14 வருடமாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸோடு (பெருங்குடலின் உட்சுவரில் அழற்சியும் புண்ணும் வரும் நாள்பட்ட நோய்) குடித்தனம் நடத்துகிறேன். நான் டாக்டர் கிடையாது. பதில்களை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, இப்போது ஒரு நாளைக்கு 3 தடவைதான் மலம் போகிறது. டாக்டர் நல்ல முன்னேற்றம் என்கிறார். எனக்கோ வெளியே கிளம்பவே பயம். நான்தான் அதிகமாக எதிர்பார்க்கிறேனா?

பதில்: இல்லைம்மா. எத்தனை தடவை என்பது ஒரு கணக்கு, வந்தால் எத்தனை நிமிடம் அடக்க முடியும் என்பது வேறு கணக்கு. நம்மை வீட்டுக்குள் முடக்குவது இரண்டாவதுதான். பையில் மாற்றுத்துணி, பஸ்ஸில் கதவோரச் சீட்டு, எங்கே நுழைந்தாலும் கழிப்பறையைத் தேடும் கண். இதையெல்லாம் நாமாகச் சொன்னால்தான் உண்டு. நானும் வருடக்கணக்கில் "பரவாயில்லை டாக்டர்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கம்தான், வேறென்ன. ஒருநாள், "கழிப்பறை இல்லாத இடத்தில் ஒரு மணி நேரம் நிம்மதியாக இருக்க வேண்டும்" என்று போட்டு உடைத்தேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். மலக்குடலில் அழற்சி மிச்சமிருப்பதைப் பார்த்து, மாத்திரையோடு இரவில் மெசலமைன் எனிமாவும் (ஆசனவாய் வழியாக உள்ளே செலுத்தும் அழற்சி மருந்து) சேர்த்தார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து, எழுந்து ஓடாமல் மருந்தை உள்ளே வைத்திருப்பது முதல் வாரம் பெரும்பாடு. அப்புறம் பழகிவிட்டது, அவசரமும் மெல்லக் குறைந்தது.

கேள்வி: எனக்கு க்ரோன்ஸ் (உணவுப்பாதையில் எங்கு வேண்டுமானாலும் வரும் அழற்சி நோய்). தொல்லை ஒன்றும் இல்லாதபோதும் கொலோனோஸ்கோபி எதற்கு?

பதில்: வலி அடங்கினாலும் உள்ளே புண் ஆறாமல் இருக்கலாம், அதுவும் க்ரோன்ஸில். மலப் பரிசோதனையில் கால்ப்ரோடெக்டின் (குடல் அழற்சியைக் காட்டும் புரதம்) ஏறியிருந்தால் சந்தேகம் வரும். கேமராக் குழாயை உள்ளே விட்டு நேரில் பார்த்து உறுதிசெய்ய கொலோனோஸ்கோபி. இந்த நோய்களின் சிகிச்சை இலக்குகள் பற்றி நிபுணர்கள் தந்து 2021-இல் வந்த ஸ்ட்ரைடு-2 பரிந்துரைகளில் புண் ஆறுவதோடு வாழ்க்கைத் தரம் திரும்புவதும் நீண்டகால இலக்காகவே இருக்கிறது. முதலாவதை டாக்டர் பார்த்துக்கொள்வார். மற்றதை நினைவூட்டுவது நம் வேலை.

கேள்வி: ஸ்டீராய்டில்தான் எனக்குச் சுகம். அதையே தொடரலாமா?

பதில்: கூடாது. பற்றி எரியும்போது அணைக்கத்தான் அது. நீண்ட நாள் போனால் எலும்பு, சர்க்கரை, கண் என்று எல்லாவற்றிலும் கை வைக்கும். அதற்காக நீங்களே திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கேள்வி: டிரிப், ஊசி, மாத்திரை, எது நல்லது அக்கா?

பதில்: நோயின் தீவிரத்துக்கு ஏற்றது எது என்பதுதான் முதலில். அதற்குப் பிறகும் தேர்வு மிஞ்சினால் உங்கள் சௌகரியம். நோயெதிர்ப்பின் வேகத்தை அடக்கும் மருந்துகளில், இன்ஃப்ளிக்சிமாப் டிரிப் என்றால் ஆரம்ப டோஸ்கள் முடிந்ததும் வழக்கமாக 8 வாரத்துக்கு ஒருமுறை போய் உட்கார வேண்டும். அடாலிமுமாப் ஊசி பொதுவாக 2 வாரத்துக்கு ஒருமுறை, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். டோஃபாசிட்டினிப் மாதிரி மாத்திரை என்றதும் எல்லோருக்கும் ஆசை வரும். ரத்தம் உறையும் ஆபத்து, இதயம், கர்ப்பத் திட்டம் எல்லாவற்றையும் பேசிவிட்டு ஆசைப்படுங்கள்.

கேள்வி: ரிப்போர்ட் எல்லாம் சுத்தம். ஆனாலும் ஓயாத அசதி. வீட்டில் சோம்பேறி என்கிறார்கள்.

பதில்: இரும்புச்சத்தும் பி12-உம் பார்த்தார்களா? தூக்கம் எப்படி? அவையும் சரியாக இருந்து, நோய் அடங்கிய பிறகும் அசதி நிற்பது நம்மில் நிறையப் பேருக்கு உண்டு. அடுத்த தடவை போகும்போது வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் வாயால் கேட்கட்டும்.