மாத ஊசி போட்டுக்கொண்டே டோட்டாடேட் ஸ்கேன் எடுக்கலாமா?

தண்டையார்பேட்டை வாசகர் ஒருவர் கேட்கிறார்: அண்ணனுக்குக் கணையத்தில் நியூரோஎண்டோகிரைன் கட்டி (ஹார்மோன் சுரக்கும் செல்களில் வரும் கட்டி). பயாப்ஸியில் கிரேடு 1, கேஐ-67 (எத்தனை செல்கள் பெருகுகின்றன என்ற கணக்கு) 2 சதவீதம். முன்பு எடுத்த பெட் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. இப்போது டோட்டாடேட் பெட் எடுக்கச் சொல்கிறார்கள். சர்க்கரைக்கு இன்சுலினும், கட்டிக்கு மாதம் ஒருமுறை ஆக்ட்ரியோடைடு ஊசியும் போடுகிறார். எதை நிறுத்துவது? வெறும் வயிற்றோடு போக வேண்டுமா?

முந்தைய ஸ்கேன் எடுத்த விதத்தில் தவறு இல்லை. அதில் செலுத்தியது எஃப்டிஜி, அதாவது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. வேகமாக வளரும் கட்டிதான் அதை நிறைய இழுக்கும். அண்ணனுடையது மெதுவாக வளரும் ரகம். ஆனால் இந்த ரகச் செல்களின் மேல் சொமாட்டோஸ்டாட்டின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டும் ரிசப்டர்கள் (ஏற்பிகள்) பெரும்பாலும் ஏராளமாக இருக்கும். டோட்டாடேட் போய் அவற்றில்தான் ஒட்டும். அதோடு பிணைத்த காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருள், கட்டி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மாத ஊசியும் அதே ரிசப்டரில்தான் ஒட்டுகிறது. ஆகவே அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு, அதாவது போன ஊசி போட்டு 3-4 வாரம் கழித்து, ஸ்கேன் தேதி வாங்குங்கள். இடையில் போட்டுவிட்டால் பதறி ரத்து செய்யாதீர்கள். கட்டி ஸ்கேன் மருந்தை வாங்கும் அளவு பெரிதாகக் குறையாது. கல்லீரலும் மண்ணீரலும் வாங்குவதுதான் குறையும். கட்டியின் பிரகாசத்தை இந்த இரண்டோடு ஒப்பிட்டே மதிப்பிடுவதால், கடைசி ஊசித் தேதியைக் கட்டாயம் சொல்லுங்கள். அடுத்த முறையும் அதே இடைவெளியில் எடுத்தால்தான் இரண்டு படத்தையும் நம்பி ஒப்பிட முடியும்.

டோட்டாடேடுக்குப் பட்டினி தேவையில்லை, ரத்தச் சர்க்கரை அளவும் பொருட்டில்லை. சிக்கல் வருவது கூடவே கான்ட்ராஸ்ட் சிடி (சாய மருந்து செலுத்தி எடுக்கும் சிடி) எடுக்கும்போது. அதற்குச் சில மணி நேரம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டும் கேட்பார்கள். தேதி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கிளம்புவதுதான் ஆபத்து. அன்றைய இன்சுலின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம் தவறவே கூடாது. காலியம்-68 ஒவ்வொரு 68 நிமிடத்திலும் பாதியாகக் கரையும். அதைத் தயாரிக்கும் ஜெனரேட்டர் கருவியிலிருந்து ஒருமுறை இறக்கினால் சில நோயாளிகளுக்குத்தான் வரும். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டிலோ துறைமுகக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவிலோ ஒரு மணி நேரம் நின்றால், உங்களுக்கென எடுத்து வைத்த மருந்தில் ஏறக்குறைய பாதி போயிருக்கும். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறிவிடுவது நல்லது.

கை நரம்பில் ஊசி போட்டு ஒரு மணி நேரம் போல உட்காரவைப்பார்கள். தண்ணீர் நிறையக் குடித்து, ஸ்கேனுக்குமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். படுக்கையில் 20-30 நிமிடம்.

ரிப்போர்ட்டில் மண்ணீரல், சிறுநீரகம், அட்ரினல் மின்னினால் பயப்படாதீர்கள், அது இயல்பு. கணையத் தலையில் கொக்கிபோல வளைந்த அன்சினேட் பகுதியும் கட்டி இல்லாமலே சிலருக்கு மின்னும். கணைய வாலில் சின்ன உருண்டை மட்டும் மின்னினால், அது உபரி மண்ணீரல் துண்டாகவும் இருக்கலாம். அறுவைக்கு முன் அதைக் கேட்டுத் தெளிவது அவசியம். கேஐ-67 ரிப்போர்ட்டையும் பழைய சிடி படங்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் அன்று மட்டும் மடியில் வைப்பது, பக்கத்தில் படுப்பது வேண்டாம். மறுநாள் காலைக்குள் கதிரியக்கம் அநேகமாக அடங்கியிருக்கும்.