கரிசல் வெடிப்பதும் மூடுவதும்

கேள்வி: எங்கள் ஊர் கோவில்பட்டி பக்கம், சுற்றிலும் கரிசல்தான். கோடையில் கை நுழையும் அளவுக்கு நிலம் வெடிக்கிறது, மழை விழுந்தால் தானாக மூடிக்கொள்கிறது. செம்மண்ணில் இப்படி இல்லையே? இதில் வீடு கட்டலாமா?

பதில்: எல்லாம் மான்ட்மோரிலோனைட் என்கிற களிமண் கனிமத்தின் வேலை. பிரான்ஸில் உள்ள மான்ட்மோரியோன் என்ற ஊரின் பெயர்தான் இதற்கு. நகத்தால் கீறினாலே கீறல் விழும், அவ்வளவு மிருது.

இதன் ஒவ்வொரு தகடும் மூன்று அடுக்கு: மேலும் கீழும் சிலிக்கா, நடுவில் அலுமினா. தகட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் பத்து லட்சம் தகடுகள் அடங்கும். நடு அடுக்கில் அலுமினியம் இருக்க வேண்டிய சில இடங்களில் மெக்னீசியம் உட்கார்ந்துவிடுவதால் தகட்டில் கொஞ்சம் எதிர்மின்னூட்டம் தங்கிவிடுகிறது, அதைச் சரிக்கட்ட சோடியம், கால்சியம் அயனிகள் தகடுகளுக்கு நடுவே வந்து சேர்கின்றன. இந்தப் பிடிப்பு ரொம்ப லேசானது. மழை பெய்ததும் அந்த அயனிகள் தண்ணீரை உள்ளே இழுக்க, தகடுகள் விலகி மண் உப்புகிறது. காய்ந்தால் சுருங்கி வெடிக்கிறது. செம்மண்ணில் பெரும்பாலும் இருப்பது கயோலினைட். அதில் தகட்டுக்கு இரண்டே அடுக்கு, தகடுகளை ஹைட்ரஜன் பிணைப்பு இறுக்கிப் பிடித்திருப்பதால் தண்ணீர் நடுவே புக முடியாது.

கரிசலைப் பொல்லாத மண் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். ஒரு கிராம் மான்ட்மோரிலோனைட்டின் தகடுகளை எல்லாம் பிரித்து விரித்தால் பரப்பு 700 சதுர மீட்டருக்கு மேல் வரும், அத்தனையிலும் ஈரம் ஒட்டும். மழை நின்ற பிறகும் மானாவாரிப் பருத்தியும் சோளமும் நிற்பது அந்த ஈரத்தால்தான்.

சரி, வீடு. தாராளமாகக் கட்டலாம், ஆனால் மேலாக வானம் தோண்டி அஸ்திவாரம் போட்டால் மண் ஏறி இறங்கும்போது சுவரும் கூடவே ஏறி இறங்கி விரிசல் விடும். ஈரம் மாறாத ஆழம் வரை, சுமார் மூன்றரை மீட்டருக்கு, அடியில் குமிழ் போல அகன்ற கான்கிரீட் தூண்களை ('அண்டர் ரீம்டு பைல்') இறக்குவது நல்லது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதற்காகவே உழைத்து மேம்படுத்திய முறை அது. சுண்ணாம்பு கலந்தாலும் உப்பல் குறையும், சோடியம் இருந்த இடத்தைக் கால்சியம் பிடித்துக்கொள்வதால். அப்புறம், சுவரை ஒட்டி மரம் வைக்காதீர்கள், மழைத் தண்ணீரும் தேங்கக் கூடாது. எதற்கும் முதலில் மண் பரிசோதனை செய்து, அறிக்கையோடு பொறியாளரைப் பாருங்கள்.