டேங்க் கிளீனர் எந்த வழியில் வந்தது? மீன் டி.என்.ஏ. பற்றிய கேள்வி பதில்

வீட்டு மீன்தொட்டிகளில் பாசி தின்ன வளர்க்கும் டேங்க் கிளீனர் மீன் வடசென்னை ஏரிகளில் பரவியதை டி.என்.ஏ. கொண்டு தேடுவது குறித்து வந்த கேள்விகளும் என் பதில்களும்.

புழல்: வலையில் இந்த மீன்தான் விழுகிறது. முள் சிக்கி வலை கிழிகிறது. டி.என்.ஏ. பார்த்து எனக்கென்ன ஆகப்போகிறது?

நியாயமான கோபம், அண்ணா. அடுத்த வாரமே உங்கள் வலை தப்பிவிடாது. ஆனால் மீன் கால்வாயில் வருகிறதா, வீட்டுத் தொட்டிகளிலிருந்து கொட்டப்படுகிறதா என்று தெரியாமல் எதைத் தடுப்பது? முதலாவதற்குத் தடுப்பு வலை வேண்டும். இரண்டாவதற்கு மக்களிடம் பேச வேண்டும். பிடித்ததைத் தண்ணீரில் திருப்பி எறியாதீர்கள். கரையில் போட்டாலும் காற்றைச் சுவாசித்துப் பல மணி நேரம் உயிரோடு கிடக்கும். குழி வெட்டிப் புதையுங்கள்.

மாதவரம்: ரெட்டேரியில் பிடித்த மீன்களை ஃபார்மலினில் வைத்திருக்கிறேன். சோதனைக்கு ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. ஃபார்மலின் டி.என்.ஏ.வைச் சிதைத்துவிடும். துடுப்பின் ஓரத்தில் சிறு துண்டை நறுக்கி, 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போடுங்கள். ஒவ்வொரு மீனுக்கும் பிளேடைத் துடைத்துச் சுடுங்கள். இல்லையென்றால் ஒரு மீனின் டி.என்.ஏ. அடுத்த மீனின் குப்பியில் ஏறிவிடும். பிடித்த இடம், தேதி எழுதாத குப்பியை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

பெரம்பூர்: இது எந்த இனம்?

வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். கரும்புள்ளிகள் தனித்தனியாக இருந்தால் டெரிகோப்ளிக்திஸ் பர்டாலிஸ் என்றும், புழு ஊர்ந்த தடம்போல ஒன்றோடொன்று கூடியிருந்தால் டிஸ்ஜங்க்டிவஸ் என்றும் நூல்கள் சொல்லும். இரண்டும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை. ஆனால் புகுந்த நாடுகளில் இவை தமக்குள் கலந்து, இடைப்பட்ட கோலத்தோடு பல மீன்கள் கிடைக்கின்றன. பலரும் சோதிக்கும், செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்டிரியாவின் மரபணு தாய்வழியில் மட்டுமே வருவதால், அதில் தகப்பன் இனம் தெரியாது.

வியாசர்பாடி: 2015 வெள்ளத்தில் ஏரிகளெல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன. இதற்கு ஆராய்ச்சி எதற்கு?

இதை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். வெள்ளம் ஒரு மீனைக் கீழே இறக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வெள்ளம் மட்டுமே காரணம் என்றால், கீழுள்ள ஏரியில் இருக்கும் மரபு வகைகள் மேலுள்ள ஏரியில் இருப்பவற்றின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து ஏரிகள் ஒத்திருக்க வேண்டும். மாறாக, ஒரே ஏரியில் அக்கம்பக்கத்தில் எங்கும் இல்லாத வகைகள் கலந்து கிடந்தால், பலர் பலமுறை கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

அவரே மீண்டும்: கடை மீனெல்லாம் ஒரே வம்சம்தானே? பிறகெப்படிப் பிரிப்பீர்கள்?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆசிய நாடுகள் பலவற்றிலும் ஒரே சில தாய்வழி வகைகளே திரும்பத் திரும்பத் தென்படுகின்றன. அதனால் மைட்டோகாண்டிரியாவோடு நின்றால் ஏமாற்றம்தான்; தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வரும் உட்கரு டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களை ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு ஏரியிலும் இரண்டு மூன்று மீனோடு நிறுத்தாமல் முப்பது மீனாவது எடுக்க வேண்டும்.

மணலி: வியாசர்பாடிக்காரர் சொல்வதே சரி. வெள்ளம்தான்.

ஐயா, வெள்ளம் வராத ஆண்டிலும் இங்கே தண்ணீர் நகர்கிறது. பூண்டியிலிருந்து கால்வாய் வழியே புழலுக்கு வருகிறது. பூண்டிக்கோ 1996 முதல் ஆந்திராவின் கண்டலேறு அணை வழியாகக் கிருஷ்ணா நீர் வருகிறது. ஆகவே பூண்டி, சோழவரம், புழல் மூன்றிலும் மாதிரி எடுக்காமல் வெள்ளத்தின்மேல் பழி போடுவதை நான் ஏற்கமாட்டேன். வெள்ளக் கேள்வி இத்தோடு போதும்.

எண்ணூர்: மீனைப் பிடிக்காமல் தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாதா?

மீன் இருக்கிறதா என்று அறியப் போதும். தண்ணீரை வடிகட்டினால் மீன் உதிர்த்த சளி, தோல் துணுக்கு, கழிவு ஆகியவற்றின் டி.என்.ஏ. கிடைக்கும். ஆனால் ஓடும் நீரில் அது மேலிருந்து மிதந்து வந்ததாகவும் இருக்கலாம். எந்த மீன் எதன் வாரிசு என்று பார்க்கத் துடுப்புத் துண்டே வேண்டும்.

திருவொற்றியூர்: ஜிலேபிக் கெண்டையும் வெளிநாட்டு மீன்தானே?

ஆம், ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைத் தனியாகப் பேசுவோம்.

கொடுங்கையூர்: ஃபார்மலினில் வைத்ததை அனுப்பலாமா?

மாதவரத்துக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள். எத்தனால்.

கொளத்தூர், வண்ணமீன் கடை: எங்கள் தொழில்மீது குற்றம் சாட்டுகிறீர்களா?

இல்லை. உங்களால் மட்டுமே முடிகிற உதவி ஒன்றைக் கேட்கிறேன். ஏரி மீனை மட்டும் சோதித்தால் ஏரிகளின் உறவு தெரியும், மூலம் தெரியாது. உங்கள் தாய்மீன்களின் துடுப்புத் துண்டுகள் கிடைத்தால்தான் ஒப்பிட ஆதாரம் இருக்கும். துண்டு எடுத்த பிறகும் மீன் நன்றாக வாழும். கடையின் பெயரை எழுத வேண்டாம். மீனை எந்த ஊரிலிருந்து வாங்கினீர்கள் என்பதை மட்டும் குப்பியில் எழுதுங்கள். வளர்ந்து பெருத்த டேங்க் கிளீனரை யாராவது திருப்பிக் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் மறுத்தால் அது ரெட்டேரிக்குத்தான் போகும்.