வேலை கிடைத்தால் அடிப்பது நின்றுவிடுமா?

கேள்வி: கணவருக்கு அம்பத்தூரில் வேலை போய் எட்டு மாதம். நான் ஜவுளிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். என் ஏடிஎம் கார்டை அவர்தான் வைத்திருக்கிறார். குடித்துவிட்டு வந்தால் அடி. "ஆம்பளை மனசு உடைஞ்சு கிடக்கான், நீதான் அனுசரிச்சுப் போகணும்" என்கிறார் மாமியார். வேறு வேலை கிடைத்தால் சரியாகிவிடுமா?
– வாசகி, வில்லிவாக்கம்

பதில்: அந்த நம்பிக்கையில் நாளைக் கடத்தாதீர்கள். வேலையை விட்டு அனுப்பிய சூப்பர்வைசர் மீது அவர் கை வைத்தாரா? வாசலில் நிற்கும் கடன்காரரை அடித்தாரா? அங்கெல்லாம் அடங்குகிற கோபம் உங்களிடம் மட்டும் அடங்கவில்லை என்றால், அது உரிமை என்று அவர் நினைக்கிறார்.

சம்பாதிப்பவன் ஆம்பளை, பெண்டாட்டியை அடக்கி வைப்பவன் ஆம்பளை என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தான் பையன்களை வளர்க்கிறோம். முதலாவது கைவிட்டுப் போனால் சிலர் இரண்டாவதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். வேலை போன எல்லோரும் அடிப்பதில்லையே! கார்டைப் பிடுங்கியதும் இதே கணக்குத்தான். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் அதைப் பொருளாதார வன்முறை என்கிறது. மாமியார் பேச்சிலும் வியப்பில்லை. தேசியக் குடும்ப நல ஆய்வில் (2019–21) சரியாகச் சமைக்காதது, சொல்லாமல் வெளியே போவது போன்ற ஏழு காரணங்களைக் கூறி, மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். ஒரு காரணத்துக்காவது நியாயம் என்றவர்கள் பெண்களில் 45 சதவீதம், ஆண்களில் 44. பெண் விடுதலைக்கு ஆண்மை என்ற கருத்தே அழிய வேண்டும் என்று பெரியார் 1928இலேயே எழுதிவிட்டார்.

குடிக்குத் தனி வைத்தியம் வேண்டும். சாப்பாட்டில் தெரியாமல் கலக்கும் பொடி, மாத்திரை எதுவும் வேண்டாம். சிலவற்றைச் சாப்பிட்டவர் சாராயமும் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்து. தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், எனவே டாக்டர் மேற்பார்வை அவசியம். குடியை விட்ட பிறகும் அடிப்பவர்கள் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள்.

அவர் மதிக்கும் ஓர் ஆண், மாமாவோ பழைய நண்பரோ, போதையில்லாத நேரத்தில் பேசலாம். உங்கள் சம்மதத்தோடு மட்டும். "பொம்பளையை அடிக்கிறவன் ஒரு ஆம்பளையா?" என்று கேட்கவே கூடாது. அதுவும் அதே அளவுகோல்தான், அந்த அவமானத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்து உங்கள் மேல்தான் இறக்குவார். "அடிப்பது எனக்குத் தெரியும், இனி கை நீட்டாதே, கார்டைத் திருப்பிக் கொடு" என்றால் போதும். இருவரையும் ஒன்றாக உட்காரவைக்கும் ஆலோசனைக்கு இப்போது ஒப்புக்கொள்ளாதீர்கள்; அங்கே சொன்ன உண்மைக்கு இரவில் அடி விழும்.

காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய்க் கணவர் அடித்தார் என்றே சொல்லி, ஏ.ஆர். காப்பி (காயத்தைப் பதியும் மருத்துவமனைப் பதிவேட்டின் நகல்) கேளுங்கள். படியில் விழுந்தேன் என்று பதிவானால் பின்னால் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் சமாதானம் பேசி அனுப்பப் பார்க்கலாம். புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் கிளம்பாதீர்கள்.

வழக்குக்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்கிறது குடும்ப வன்முறைச் சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதனால் முதல் மனுவிலேயே அச்சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி இடைக்கால உத்தரவு கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு என்றால் வசிக்கும் உரிமை கேட்கலாம். 2020இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வருமானம் எவ்வளவானாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியே வக்கீல் இலவசம், எண் 15100.

புதிய வங்கிக் கணக்குத் தொடங்கினால் குறுஞ்செய்தி வேறு எண்ணுக்கு வரட்டும். சம்பளத்தை அதற்கு மாற்றுவது, நீங்கள் பாதுகாப்பான இடத்துக்குப் போகத் தயாரான பிறகு. பணம் நின்றது தெரியும் நாள்தான் ஆபத்தானது. ஆதார், குடும்ப அட்டை நகல்களை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

ஒருமுறையாவது கழுத்தை நெரித்திருந்தால் மேலே சொன்ன வரிசை எதற்கும் காத்திருக்க வேண்டாம். கொலையில் முடியும் வீடுகளில் முன்பே தெரியும் அறிகுறி அது. வெளியே தடம் இல்லாவிட்டாலும் உள்ளே காயம் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் காட்டிவிட்டு, பெண்கள் உதவி எண் 181க்குப் பேசி, தங்க இடம் கேளுங்கள்.