ஸ்டூடியோக்காரர் மேல் பழி

கேள்வி: கண்ணாடியில் பார்த்தால் லட்சணமாகத்தான் இருக்கிறேன். ஜாதகத்தோடு அனுப்ப மூன்று முறை ஸ்டூடியோவில் படம் எடுத்தாயிற்று. மூன்றிலும் முகம் கோணலாக, யாரோ போல இருக்கிறது. அம்மாவோ, 'உன்னை உரிச்சு வெச்ச மாதிரி இருக்கேடா' என்கிறார். ஸ்டூடியோவை மாற்றவா?
(பெயர் வேண்டாம், திருச்சி)

பதில்: ஸ்டூடியோக்காரரை விடுங்கள், பாவம். அம்மா சொல்வதுதான் சரி.

இடது பக்கம் வகிடு எடுப்பவர் என்று வையுங்கள். கண்ணாடியில் அது உங்கள் இடப்பக்கமே தெரியும். படத்தைக் கையில் எடுத்தால் வலப்பக்கம் போயிருக்கும். கூடவே மச்சம், தூக்கிய புருவம், ஒரு பக்கமாக இழுக்கும் சிரிப்பு எல்லாமே இடம் மாறும். எந்த முகத்திலும் இரண்டு பாதியும் ஒன்றுபோல இருப்பதில்லை. தினமும் ஷேவ் செய்யும்போது நீங்கள் பார்த்துப் பழகியது, ஊரில் வேறு யாருமே பார்த்திராத ஒரு முகம்.

1977-இல் அமெரிக்காவின் மில்வாக்கியில் மீட்டா என்பவரும் இரு சகாக்களும் இதைச் சோதித்தார்கள். மாணவிகளைப் படம் எடுத்து, ஒன்றை நேராகவும் இன்னொன்றைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பியும் பிரதி போட்டார்கள். படத்தில் இருப்பவர்கள் பெரும்பாலும் திருப்பிய படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்கு நெருங்கியவர்கள் நேர்ப்படத்தை. பார்க்கப் பார்க்கப் பிடித்துப்போகும் என்று ராபர்ட் சயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே சோதனை செய்து எழுதியிருந்தார். முகத்துக்கும் அதே கதைதான்.

'லட்சணம்' என்றீர்களே, அதற்கு வருகிறேன். 2008-இல் நிக்கலஸ் எப்லி, எரின் விட்சர்ச் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள், ஒருவரின் படத்தோடு அழகான முகத்தையும் அழகற்ற முகத்தையும் வெவ்வேறு அளவில் கலந்து, வரிசையாக வைத்து, 'இதில் அசல் நீங்கள் எது?' என்று கேட்டார்கள். அழகு கூட்டிய படத்தைத்தான் பலரும் தங்களுடையது என்று காட்டினார்கள். அதாவது, டச்சப் செய்ததே அசலாம்! (சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தில் வரும் என் படத்தை மாற்றச் சொல்லி இருமுறை சண்டை போட்டவன் நான்.) நண்பரின் முகத்துக்கும் இந்தச் சலுகை கிடைத்தது. அதிகம் பழகாதவருக்குக் கிடைக்கவில்லை.

பெண் வீட்டார் உங்களுக்கு இன்னும் பழகாதவர்கள். எனவே நாலாவது படத்துக்குக் காசு செலவழிக்காமல், இருக்கும் மூன்றையும் எதிர்க்கடை அண்ணாச்சியிடம் காட்டுங்கள். அவர் கை வைப்பதை அனுப்புங்கள்.